இலவசம் என்கிறார்கள், அன்றைய கூலியை யார் கொடுப்பது?

செந்தூல் என்றதும் நம்மவர்களுக்கு ரயில்வே பட்டறைதான் நினைவுக்கு வரும். அந்தப் பட்டறையை நம்பிக் குடியேறிய தமிழர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். அவர்களோடு, தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புக்கு விற்கப்பட்டும் போனபின் பட்டணம் வந்து சேர்ந்த நம் தோட்டத்து ஆட்களும் செந்தூல் அடுக்குமாடிகளில் வாழ்கிறார்கள். லயத்தை விட்டு வந்தார்களே தவிர, லயத்துக் கஷ்டம் அவர்களை விட்டு வரவில்லை.

சில மாதங்களுக்கு முன் அங்கே ஓர் அடுக்குமாடியின் கீழ்த்தள மண்டபத்தில் மகளிர் சுகாதார விளக்கக் கூட்டம் ஒன்று நடந்தது. சமூக மானியம் பெற்று ஓர் அமைப்பு நடத்திய கூட்டம். நம்மையும் அழைத்திருந்தார்கள். துணைவியாரையும் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். பெரிய பதாகை, மேடையில் நான்கு பேர், வந்தவர்களுக்கு மீஹூன் பொட்டலமும் ஒரு கைப்பையும். மார்பகப் புற்றுநோய், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றி ஒரு மணி நேரம் மலாயிலும் ஆங்கிலத்திலும் படம் போட்டுப் பேசினார்கள். பேசியது அத்தனையும் நல்ல விஷயம். இறுதியில் "கேள்வி உண்டா?" என்றார்கள். ஒருவரும் கை தூக்கவில்லை. எல்லாரையும் நிறுத்திப் படம் எடுத்தார்கள். கூட்டம் முடிந்தது.

வெளியே படிக்கட்டில் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். நமக்குத் தெரிந்தவர்தான். தோட்டத்தில் இருபது வருடம் பால் வெட்டியவர். இப்போது ஒரு குத்தகைக்காரரிடம் துப்புரவு வேலை. "என்னக்கா, விளக்கம் நல்லா இருந்திச்சா?" என்று கேட்டோம்.

"நல்லாத்தான் பேசினாங்க தம்பி. எனக்குத்தான் பாதி வெளங்கல. அந்த டெஸ்ட்டு ஃபிரீன்னு சொன்னாங்க. அது மட்டும் வெளங்கிச்சு. ஆனா அன்னிக்கு வேலைக்குப் போகலன்னா கூலி யாரு குடுப்பா?"

நம்மிடம் அவர் சொன்னது அவ்வளவுதான். ஆனால் நம் துணைவியார் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசிய பிறகு, வேறொன்றும் சொல்லியிருக்கிறார். மாதவிலக்கு நின்று மூன்று வருடம் ஆகிவிட்டதாம். ஏழெட்டு மாதமாக மறுபடியும் இரத்தம் படுகிறதாம். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை, மகளிடமும் சொல்லவில்லை. சூடு என்று நினைத்து வெந்தயம் ஊறவைத்துக் குடித்துக்கொண்டிருந்தாராம். ஒரு மணி நேரம் அதே நோயைப் பற்றிய கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர், தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அறியாமலே எழுந்து வந்திருக்கிறார்!

அடுத்த திங்கட்கிழமை துணைவியார் உடன் போய் அவரைக் கிளினிக்கில் காட்டினார். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கர்ப்பப்பை வாயில் கட்டி. இன்று சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது. "ஒரு வருஷம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?" என்று டாக்டர் கேட்டாராம். அக்கா என்ன பதில் சொல்வார்?

வராமல் தடுக்கக்கூடிய நோய்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஓரிரவில் வருவதல்ல. எச்.பி.வி. என்ற கிருமி தொற்றி, அது உடம்பை விட்டுப் போகாமல் தங்கி, புற்றாக மாறுவதற்குப் பெரும்பாலும் பத்துப் பதினைந்து வருடம் பிடிக்கிறது. அத்தனை வருடத்தில் ஒருமுறை சோதித்துப் பார்த்தாலும் கோளாறைக் கண்டுபிடித்து, புற்றாகும் முன்பே நீக்கிவிடலாம். பாப்ஸ்மியர் பரிசோதனை நம் நாட்டுக்கு வந்தது 1969ல். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியில் எச்.பி.வி. தடுப்பூசி போடும் திட்டம் 2010ல் தொடங்கியது. மருந்தும் உண்டு, சோதனையும் உண்டு. பிறகு ஏன் நம் பெண்கள் சாகிறார்கள்?

தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2007 முதல் 2011 வரையிலான அறிக்கையில், இந்த நோய் தாக்கும் விகிதம் இந்தியப் பெண்களிடம்தான் அதிகமாக இருந்தது. மார்பகப் புற்றுநோயின் கதையும் ஆறுதல் தருவதாக இல்லை. 2012 முதல் 2016 வரையிலான பதிவேட்டின்படி, நாட்டில் அந்நோய் கண்ட பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் கண்டுபிடிக்கப்பட்டார்கள். அதாவது, முற்றிய பிறகு.

திண்டுக்கல்லில் நடந்தது

மானியப் பணத்தால் உயிரைக் காப்பாற்ற முடியுமா என்று கேட்பவர்களுக்குத் தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தைக் காட்டலாம். அங்கே அம்பிளிக்கை என்ற ஊரில் உள்ள ஒரு கிறிஸ்தவ மருத்துவ நிலையமும், உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பும் சேர்ந்து, கேட்ஸ் அறக்கட்டளையின் மானியத்தில், 2000ஆம் ஆண்டு ஒரு வேலையைத் தொடங்கின. 30 முதல் 59 வயது வரையுள்ள கிராமத்துப் பெண்களைத் தேடிப் போனார்கள். பெரும்பாலும் கூலி வேலை செய்யும் பெண்கள்.

அங்கே பெரிய இயந்திரம் ஒன்றும் இல்லை. கர்ப்பப்பை வாயில் நீர்த்த காடியைத் தடவினால், கோளாறு உள்ள இடம் வெள்ளையாக மாறும். அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல நர்சுகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பெண்களைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லவில்லை. நர்சுகள் கிராமத்துக்கே போனார்கள். என்ன செய்யப் போகிறோம், ஏன் செய்கிறோம் என்று முதலில் உட்கார்ந்து விளக்கினார்கள். கோளாறு தெரிந்தால், முடிந்தவரை அன்றே, அங்கேயே குளிர்முறைச் சிகிச்சையும் கொடுத்தார்கள்.

அழைக்கப்பட்ட 49,311 பெண்களில் 31,343 பேர் வந்து சோதித்துக்கொண்டார்கள். முடிவு 2007ல் 'லான்செட்' மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. இந்தச் சோதனை நடக்காத கிராமங்களோடு ஒப்பிட்டால், நோய் கண்டவர்கள் 25 விழுக்காடு குறைவு. அந்த நோயால் இறந்தவர்கள் 35 விழுக்காடு குறைவு. காடியும் நர்சும் செய்த காரியம் இது!

நம் நாட்டிலும் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. தோட்டத்தில் மருந்து அடிக்கும் பெண்களின் தலைசுற்றலையும், உதிர்ந்த நகத்தையும், மூக்கில் வடிந்த இரத்தத்தையும் வெளியே கொண்டுவந்தது யார்? 1991ல் ஐரின் பெர்னாண்டஸ் தொடங்கிய தெனாகானித்தா அமைப்பு, அந்தப் பெண்களிடம் உட்கார்ந்து கேட்டு 2002ல் அறிக்கை வெளியிட்டது. அந்த ஆண்டே அரசாங்கம் பாராக்குவாட் விஷத்தைத் தடைசெய்வதாக அறிவித்தது. 2006ல் தடை தளர்ந்தது. முழுத் தடை 2020 ஜனவரி முதல் தேதிதான் நடப்புக்கு வந்தது. பல வருடப் போராட்டம். ஆனால் முதல் படி, பெண்கள் வாய் திறந்து சொன்னதுதான்.

பணம் இருக்கிறது

பணம் இல்லை என்று சொல்ல முடியாது. இந்திய சமுதாயத்துக்கென்று இருந்த செடிக் பிரிவு 2018ல் மித்ரா ஆனது. ஆண்டுக்குப் பத்து கோடி வெள்ளி என்று அறிவிக்கப்பட்டது. அந்தப் பணம் அமைப்புகளுக்கு மானியமாகப் போன விதத்தை 2021ல் ஊழல் தடுப்பு ஆணையம் விசாரித்ததும் நாடறிந்த செய்தி. மானியம் என்பது யாரோ போடும் பிச்சையல்ல; நம் வரிப்பணம். கணக்குக் கேட்பது நம் உரிமை.

தனி ஆளுக்கு உள்ள சலுகைகளும் உண்டு. சொக்சோ 2013ல், 40 வயதை எட்டிய சந்தாதாரர்களுக்கு இலவச உடல் பரிசோதனையைத் தொடங்கியது. பெண்களுக்கு மாமோகிராமும் சேர்த்து. அந்தக் கடிதங்கள் பிரிக்கப்படாமலே லயத்தில் சாமி படத்துக்குப் பின்னால் செருகிக் கிடந்ததை நாமே பார்த்திருக்கிறோம். மலாய்க் கடிதம், கடன்காரன் கடிதமோ என்று பயம்! 2019ல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில், அரசாங்க உதவித்தொகை பெறும் குடும்பத்தில் 40 வயது கடந்தவர்களுக்குப் பரிசோதனை இலவசம். புற்றுநோய் சிகிச்சையை முடிப்பவர்களுக்கு 1,000 வெள்ளி ஊக்கத்தொகை. ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் செலவுக்கும் உதவி. படிக்கட்டில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு இதில் ஒன்றுகூடத் தெரிந்திருக்கவில்லை.

இனி அவருடைய கேள்விக்கு வருவோம். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. 26 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாள் கூலி சுமார் 65 வெள்ளி. காய்ச்சல் என்றால் டாக்டர் சீட்டு உண்டு, கூலி உண்டு. காய்ச்சலே இல்லாதவள் பரிசோதனைக்குப் போனால்? வேலைக்கு வராதவள் என்றுதான் பெயர். ஆக, இலவசப் பரிசோதனைக்கு அவர் கொடுக்கும் விலை 65 வெள்ளி; பஸ் காசு தனி. அந்தப் பணத்தில் வீட்டுக்கு ஒரு வாரத்துக் காய்கறி வந்துவிடும். எந்தத் தாய் தன் வயிற்றைப் பார்ப்பாள்?

நம் பக்கத்துக் குற்றம்

அடுத்தவரைக் குறை சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளக் கூடாது. எத்தனை வருடமாகத் தொழிற்சங்கக் கூட்டம் நடத்துகிறோம்! சம்பள உயர்வு, போனஸ், வீடு எல்லாம் பேசினோம். பேசத்தான் வேண்டும். ஆனால் கூட்டத்தில் பாதிப் பேர் பெண்களாக இருந்தும், பெண்ணின் உடம்பைப் பற்றி ஒரு நாள் பேசினோமா? "அதெல்லாம் பொம்பளைங்க விஷயம்" என்று ஒதுங்கினோம். பால் வாளி சுமந்த இடுப்பு, மருந்துத் தோம்பு சுமந்த முதுகு நம் சங்கத்தின் விஷயம் என்றால், அதே உடம்பிலுள்ள கர்ப்பப்பை மட்டும் எப்படி வேறு விஷயம் ஆகும்?

ஆகவே, மானியம் கேட்டு எழுதும் அமைப்புகளுக்கும், கொடுக்கும் அதிகாரிகளுக்கும் ஐந்து கோரிக்கைகளை முன்வைக்கிறோம்.

ஒன்று: தோட்டத்திலோ, அடுக்குமாடியிலோ, அங்கேயே வாழும் ஒரு பெண்ணுக்குப் பயிற்சியும் மாதப் படியும் கொடுங்கள். தமிழ்நாட்டில் 2021ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அந்தந்த ஊர்ப் பெண்களே வீடு வீடாகப் போகிறார்கள். மேடையில் சொல்லாததைப் பெண்கள் அடுப்படியில் சொல்லிவிடுவார்கள்.

இரண்டு: நாள் கூலி இழப்பையும் போக்குவரத்தையும் மானியக் கணக்கில் ஒரு வரியாக எழுதுங்கள். பதாகைச் செலவைக் குறைத்தால் பத்துப் பெண்களின் கூலி வந்துவிடும்.

மூன்று: விளக்கம் கொடுக்கும் நாளிலேயே பரிசோதனையும் நடக்கட்டும். மலாயாப் பல்கலைக்கழகம் 2018ல் தொடங்கிய ரோஸ் திட்டத்தில், பெண் தானே திரைக்குப் பின்னால் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுத்துவிடலாம். முடிவு கைப்பேசிக்கு வரும். கூச்சப்படும் நம் தாய்மார்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நான்கு: கோளாறு தெரிந்த பெண்ணைப் பாதியில் விடாதீர்கள். சிகிச்சை முடியும் வரை கூடப் போக ஓர் ஆள் வேண்டும்.

ஐந்து: எத்தனை பேர் வந்து சாப்பிட்டார்கள் என்று கணக்குக் காட்ட வேண்டாம். எத்தனை பேர் சோதித்துக்கொண்டார்கள், எத்தனை பேர் சிகிச்சைக்குப் போனார்கள் என்று காட்டுங்கள்.

சங்கத்துக்கும் ஒரு வேலை உண்டு. அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில், ஆண்டுக்கு ஒரு நாள் சம்பளத்தோடு கூடிய பரிசோதனை விடுப்பைக் கேட்போம். வருடத்துக்கு ஒரு நாள் கொடுத்தால் எந்தக் கம்பெனியும் முழுகிப் போகாது.

தாய்மார்களே!

மாதவிலக்கு நின்ற பிறகு இரத்தம் பட்டாலோ, கணவனோடு சேர்ந்த பின் இரத்தம் கண்டாலோ, துர்நாற்றத்தோடு வெள்ளைபட்டாலோ, மார்பில் வலியில்லாத கட்டி தட்டுப்பட்டாலோ, கைமருந்தோடு நிற்காதீர்கள். வலி இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது. அரசாங்க கிளினிக்குக்கு அடையாளக் கார்டை எடுத்துக்கொண்டு போங்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால், பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கும் சோதனை ஆகட்டும். சாமி படத்துக்குப் பின்னால் சொக்சோ கடிதம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுங்கள். சங்கக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள்.

கணவன்மார்களே, "உடம்புக்கு ஏதாவது இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்வியை யாரும் கேட்காததால்தான் செந்தூல் அக்கா எட்டு மாதம் வெந்தயத் தண்ணீர் குடித்தார்.

போன வாரம் அவரைப் போய்ப் பார்த்தோம். இளைத்திருந்தார். ஆனாலும் சிரித்தார். "தம்பி, எங்க புளோக்ல ஆறு பேர்கிட்ட சொல்லிட்டேன். நாலு பேரு போயிட்டு வந்துட்டாங்க. மத்த ரெண்டு பேரையும் இழுத்துக்கிட்டுப் போகணும்" என்றார். எந்த மானியமும் வாங்காமல் அவர் செய்த வேலை இது.