வீட்டுக் கண்ணீரில் முளைத்த மருத்துவமனை



அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் வாசலை ஒருமுறையேனும் மிதிக்காத குடும்பம் நம் பங்குகளில் குறைவு. நோயாளியாகவோ, நோயாளிக்குத் துணையாகவோ, ஆறுதல் சொல்லப் போனவராகவோ நாம் அங்கே நின்றிருப்போம். நோயில்பூசுதல் அளிக்க நானும் பலமுறை சென்றிருக்கிறேன். அந்த மருத்துவமனையின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 'டபிள்யூ.ஐ.ஏ.' என்று மூன்று எழுத்துகள் இருக்கும். அது ஏதோ அரசுத் துறையின் சுருக்கம் என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அது இந்திய மாதர் சங்கத்தைக் குறிக்கிறது என்று. 1917-ஆம் ஆண்டு இதே அடையாறில் தோன்றிய ஒரு பெண்கள் சங்கம் அது. இத்தனை பெரிய மருத்துவமனை ஒரு மாதர் சங்கத்தின் தொண்டிலிருந்து பிறந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இதை எழுத ஒரு காரணம் உண்டு. அண்மையில் ஒரு தாய் என்னிடம், "ஃபாதர், வீட்டைப் பார்க்கவே நேரம் சரியாப் போகுது. இதுல ஊருக்கு எங்க செய்றது?" என்று கேட்டார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாமியாருக்கு மருந்து, பேரனுக்குப் பள்ளிக்கூடம் என்று காலை முதல் இரவு வரை ஓடுகிறவர் அவர். ஆனால் வீடு ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம் என்று பிரித்து வைத்தது யார்? இக்கேள்விக்கு விடையாக ஒரு பெண்ணின் வாழ்வையே எடுத்துக்கொள்வோம். அவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

புதுக்கோட்டையிலிருந்து சென்னைக்கு

1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் அவர் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் கல்வியாளர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். அந்தப் பிறப்பின் காரணமாக ஊர் பேசிய பேச்சுகளைச் சிறு வயதிலேயே அவர் அறிந்திருந்தார். ஆண் பிள்ளைகள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் அவரைச் சேர்க்க எதிர்ப்பு எழுந்தது. புதுக்கோட்டை மன்னர் அனுமதி அளித்ததால்தான் அவரால் படிக்க முடிந்தது. 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்ற உறுதியைப் பெற்ற பிறகே திருமணத்திற்கு இசைந்தார். நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ்ப் பெண் கேட்ட நிபந்தனை இது! அவர்களுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள். பிள்ளைகள், மருத்துவத் தொழில், உறவினர் என்று நம் வீடுகளைப் போன்றே நிறைந்திருந்த வீடு அது.

தங்கையின் மரணம்

அந்த வீட்டில்தான் துயரம் நுழைந்தது. அவருடைய தங்கை புற்றுநோயால் பாதிக்கப்பட்டு 1923-இல் இறந்துபோனார். அக்காள் மருத்துவர், வீட்டிலேயே இரண்டு மருத்துவர்கள். ஆயினும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்தக் காலத்தில் சென்னையில் புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை கிடையாது. அருகிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழியில்லாத அந்தக் கையறு நிலையை நம்மில் பலர் அனுபவித்திருக்கிறோம்.

துயரத்தை நாம் என்ன செய்கிறோம்? பெரும்பாலும் படத்திற்கு மாலை போட்டு, ஆண்டுதோறும் நினைவுத் திருப்பலிக்குக் கொடுத்து, மனதிற்குள் பூட்டி வைக்கிறோம். அதில் தவறில்லை. அவரோ தம் துயரத்தை ஒரு கேள்வியாக மாற்றினார்: என் தங்கைக்கு நேர்ந்தது அடுத்த வீட்டுப் பெண்ணுக்கும் நேர வேண்டுமா? 1925-இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றபோது புற்றுநோய் மருத்துவத்தையும் கற்றார். 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கென ஒரு மருத்துவமனை வேண்டும் என்று எல்லோர் முன்னிலையிலும் பேசினார். புற்றுநோய் வந்தவர்கள் இறக்கத்தானே போகிறார்கள், அவர்களுக்கு எதற்கு மருத்துவமனை என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அவர் விடவில்லை.

நள்ளிரவிலும் திறந்த கதவு

இதற்கிடையே இன்னொரு பணி அவரைத் தேடி வந்தது. 1926-இல் சென்னை சட்டமன்ற மேலவைக்கு அவர் நியமிக்கப்பட்டார். மருத்துவத் தொழிலை நினைத்து முதலில் தயங்கினாலும், மாதர் சங்கத் தோழியரின் வற்புறுத்தலால் ஏற்றுக்கொண்டார். அவையின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க அங்கே குரல் கொடுத்தார். தேவதாசிப் பெண்களிலேயே ஒரு சாரார் அவரை எதிர்த்தார்கள். தங்கள் கலையும் வாழ்வாதாரமும் போய்விடும் என்று அஞ்சினார்கள். அந்த அச்சத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு சிறுமியின் வாழ்வை அவளைக் கேளாமலே பிறர் தீர்மானிக்கக் கூடாது என்பதில் அவர் உறுதியாக நின்றார். 1930-இல் காந்தியடிகள் கைது செய்யப்பட்டபோது பதவியைத் துறந்தார். தடைச் சட்டம் முழுமையாக நிறைவேறியது 1947-இல்தான்.

சட்டம் பேசுவது ஒன்று, அந்தச் சட்டத்தால் வெளியே வரும் பிள்ளைக்குச் சோறு போடுவது வேறு. அந்த மரபிலிருந்து விலகி வந்த சில பெண்கள் தங்க இடமின்றி அலைந்தார்கள். விடுதிகள் அவர்களைச் சேர்க்க மறுத்தன. ஒவ்வொரு சாதிக்கும் ஒரு விடுதி இருந்த ஊரில், இவர்களுக்கு மட்டும் இடமில்லை. கடைசியில் அவர்கள் முத்துலட்சுமியின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். சட்டம் வரட்டும், நிதி வரட்டும், கட்டடம் வரட்டும் என்று அவர் சொல்லவில்லை. தம் வீட்டிலேயே அவர்களை வைத்துக்கொண்டார். 1930-களின் தொடக்கத்தில் இப்படித் தோன்றியதுதான் அவ்வை இல்லம். பிறகு அடையாறில் வேரூன்றி, ஆதரவற்ற எத்தனையோ பெண் குழந்தைகளுக்குத் தாய்வீடாகியது.

அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு இங்கே பாதி விடை கிடைக்கிறது. முத்துலட்சுமி வீட்டை விட்டுவிட்டு ஊருக்குச் செய்யப் போகவில்லை. வீட்டுக் கதவைச் சற்று அகலமாகத் திறந்தார், அவ்வளவே.

பன்னிரண்டு படுக்கைகள்

மருத்துவமனைக் கனவு என்ன ஆயிற்று? நாடு விடுதலை பெற்ற பின், மாதர் சங்கத்தின் மூலம் புற்றுநோய் நிவாரண நிதி திரட்டத் தொடங்கினார். 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ஆம் நாள் 12 படுக்கைகளுடன் மருத்துவமனை தொடங்கியது. தங்கை இறந்து 31 ஆண்டுகள் ஆகியிருந்தன. முத்துலட்சுமிக்கு அப்போது வயது 67.

இந்த எண்ணைச் சற்று நிதானித்து நினைத்துப் பாருங்கள். 60 வயது ஆனதும், "இனி நமக்கென்ன, ஓரமாக உட்கார வேண்டியதுதான்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்கிறோம். நாமும் அவர்களை ஓரமாகத்தான் உட்கார வைக்கிறோம். தம் வாழ்வின் மிகப் பெரிய பணியை இந்த அம்மையார் தொடங்கியதே அந்த வயதுக்குப் பிறகுதான்.

இன்னொன்றையும் நாம் கவனிக்க வேண்டும். அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி புற்றுநோய் மருத்துவராகி, அந்த மருத்துவமனையையே தம் வாழ்வாக்கிக்கொண்டார். 1955-இல் மயிலாப்பூரில் பிறந்த இளம் மருத்துவர் சாந்தா அவருடன் இணைந்தார். சாந்தா மருத்துவமனை வளாகத்திலேயே தங்கி, 2021 ஜனவரியில் இறக்கும்வரை நோயாளிகளுக்காகவே வாழ்ந்தார். ஏழை என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பதே அவர்கள் காத்து வந்த நெறி. 12 படுக்கைகள் இன்று பல நூறாகப் பெருகியிருக்கின்றன. தாயின் தொண்டு பிள்ளையிடமிருந்து தாயைப் பறித்துவிடும் என்று நாம் அஞ்சுகிறோம். இந்த வீட்டில் அந்தத் தொண்டே பிள்ளைக்குச் சொத்தாகப் போய்ச் சேர்ந்தது.

1956-இல் பத்மபூஷண் விருது பெற்ற முத்துலட்சுமி ரெட்டி, 1968 ஜூலை 22-ஆம் நாள், 82-ஆவது பிறந்தநாளுக்கு எட்டு நாள்கள் இருக்கையில் இறைவனடி சேர்ந்தார். தமிழக அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நம் சகோதரிகள் பலர் அந்த உதவியைப் பெற்றிருப்பீர்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் இப்படி ஒரு வாழ்வு இருக்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

நம் எல்லோராலும் மருத்துவமனை கட்ட முடியாது. ஆனால் அந்த மருத்துவமனைக்கு வெளியூரிலிருந்து வந்து, எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாமல் விழிக்கும் ஒருவருக்கு அரை நாள் துணையாக நிற்க முடியும். அன்பியக் கூட்டத்தில் உடல்நலமுள்ளவர்கள் ஆண்டுக்கு இருமுறை இரத்ததானம் செய்யத் தீர்மானிக்க முடியும். மார்பில் கட்டி இருந்தும் வெட்கத்தாலும் பயத்தாலும் மறைத்து வைத்திருக்கும் பக்கத்து வீட்டுச் சகோதரியைக் கையைப் பிடித்துப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்ல முடியும். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பல புற்றுநோய்கள் குணமாகும். முத்துலட்சுமியின் தங்கைக்குக் கிடைக்காத அந்த வாய்ப்பு இன்று நம் தெருவுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. புற்றுநோய் ஒட்டிக்கொள்ளும் என்று அஞ்சி, நோயாளியின் வீட்டில் தண்ணீர் குடிக்கக்கூடத் தயங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாம் அங்கே போய் உட்கார்ந்து ஒரு வாய் காப்பி குடித்தாலே அது பெரிய ஆறுதல்.

என்னிடம் கேட்ட அந்தத் தாய்க்கு அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்ல விரும்புவது இதுதான்: அம்மா, உங்கள் மாமியாரோடு மருத்துவமனையில் காத்திருக்கும்போது, பக்கத்து நாற்காலியில் தனியாக ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார். அவரிடம் சாப்பிட்டாரா என்று கேளுங்கள். ஊருக்குச் செய்வது அங்கேயே தொடங்கிவிடும்.