கூடைக்கேற்ற கொடியும் நச்சுக்கொடியும்

வேதாரண்யம் வட்டாரத்தில் வேலிக்கொடிகளை அறுத்துக் கூடை முடைய விரும்புவோர், பால் வடியாத கொடியெல்லாம் தீங்கற்றதென எண்ணலாகாது. செங்காந்தளிலும் குன்றியிலும் பால் வடிவதில்லை. எனினும் இரண்டும் நஞ்சுடையன.

செங்காந்தளின் இலைநுனி சுருண்டு பிறவற்றைப் பற்றும். மருந்துக்கென இப்பகுதியில் பயிரிடப்படும் இதன் கிழங்கிலும் விதையிலும் கோல்ச்சிசின் என்னும் நஞ்சுண்டு. குன்றிக்குப் புளியிலை போன்ற இலையும், கருமுனையுடைய செவ்விதையும் உண்டு. விதையை மென்று விழுங்கினால் உயிர்க்கே கேடாம். துளையிட்டு மணியாகக் கோத்தலும் தகாது.

முடைதற்கும் கட்டுதற்கும் ஏற்றது கட்டுக்கொடி. இதன் இலைகளில் மென்மயிர் படர்ந்திருக்கும். இலையைக் கசக்கி நீரில் பிழிந்து வைத்தால் நீர் கூழ்போல் உறையும். இவ்விரு அடையாளமும் ஒருங்கே காணாத கொடியை அறுக்காது விடுக. சிறுவர் குன்றிமணி பொறுக்காதவாறு கிராம அதிகாரிகள் எச்சரித்தல் நலம்.