முதிய வண்டியும் எரிபொருள் வடிகட்டியும்



வவுனியாவிலிருந்து கண்டிக்குப் புறப்படும் பழைய டீசல் வான் ஒன்றை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். மூன்று இலட்சம் கிலோமீற்றருக்கு மேல் ஓடி முதிர்ந்த வண்டி அது. தம்புள்ளை வரையில் யாதொரு குறையுமின்றி ஓடுகின்றது. மாத்தளையைக் கடந்து பாதை மலையேறத் தொடங்கியதும் அதற்கு மூச்சுத் திணறுகின்றது. சாரதி மிதியை எவ்வளவு அழுத்தினும் வேகம் பிறக்கவில்லை. சற்று நேரம் நிறுத்திவைத்தால் மீண்டும் இயங்குகின்றது; அடுத்த ஏற்றத்தில் மறுபடியும் சோர்ந்துபோகின்றது. கண்டி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்படும் நோயாளி ஒருவர் அவ்வண்டியினுள்ளே இருப்பாராயின், அந்தச் சோர்வின் விலை எத்தகையது என்பதைக் கூறவேண்டியதில்லை.

இந்நிலையில், "இயந்திரம் முடிந்துவிட்டது, இறக்கிப் பார்க்கவேண்டும்" என்று சொல்வோர் பலர். நோயை மாத்திரமன்றி அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருந்து தேடவேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த நெறி. அந்நெறிப்படி நோக்கின், முதலில் ஐயுறவேண்டியது இயந்திரத்தையன்று. பட்டறைகளில் 'டீசல் பில்ற்றர்' என வழங்கப்படும் எரிபொருள் வடிகட்டியையேயாகும்.

வடிகட்டி பழுதுற்றால் சமதரையில் ஓடும் வண்டி மலையில் மாத்திரம் ஏன் தளர்கின்றது? சமதரையில் இயந்திரத்துக்குச் சிறிதளவு எரிபொருளே போதும். ஏற்றத்திலோ அதனிலும் பன்மடங்கு வேண்டும். வடிகட்டியின் உள்ளே மடித்து வைக்கப்பட்டுள்ள தாளில் அழுக்கு நிறைந்துவிட்டால், சிறிதளவு எரிபொருள் கசிந்து செல்லுமேயன்றி வேண்டிய அளவு செல்லாது. ஆதலின், பாரத்தைச் சுமக்கும்போதே குறை வெளிப்படுகின்றது.

இவ்வளவு நுண்ணிய வடிகட்டி எதற்கு என்று சிலர் வினவக்கூடும். ருடோல்ஃப் டீசல் என்னும் பொறியியலாளர் 1897 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஔக்ஸ்பேர்க் நகரில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய இயந்திரத்திற் தீப்பொறி கிடையாது. காற்றை இறுக அழுத்தும்போது பிறக்கும் வெப்பத்திலே எரிபொருள் தானே பற்றிக்கொள்கின்றது. அதற்கு எரிபொருளை மிகுந்த அழுத்தத்துடன் புகைபோல் நுண்டுளிகளாகப் பீச்சவேண்டும். இவ்வேலைக்குரிய பம்புகளை றொபேட் பொஷ் என்பாரின் நிறுவனம் 1927 ஆம் ஆண்டிற் பெருந்தொகையாகச் செய்யத் தொடங்கியது. பம்பினுள் ஒன்றோடொன்று உராய்ந்து இயங்கும் உறுப்புகளுக்கு இடையேயுள்ள வெளி சில மைக்கிரோன்களே. மனிதனின் தலைமயிரோ ஏறத்தாழ 70 மைக்கிரோன் தடிப்புள்ளது. கண்ணுக்குப் புலப்படாத தூசித் துகளும் அவ்வுறுப்புகளைக் கீறிவிட வல்லது என்பது இதனாற் பெறப்படும். பம்பும் பீச்சு முனைகளும் பழுதடைந்தால் ஏற்படும் செலவோடு ஒப்பிடின், வடிகட்டியின் விலை மிகச் சிறியது.

தூசியினும் கொடிய பகை நீராகும். பாதி நிறைந்த தாங்கியின் வெற்றிடத்தில் உள்ள காற்றின் ஈரம் இரவுக் குளிரில் துளியாகி அடியில் இறங்குகின்றது. நீர் டீசலிலும் பாரமானது. எனவே அடியிலே தங்கித் துருவை விளைவிக்கின்றது. நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகிக் கரிய வழுவழுப்பான படலத்தை உண்டாக்குவதுமுண்டு. பழைய வகைப் பம்புக்கு டீசலே உராய்வைத் தணிக்கும் எண்ணெயுமாகும். நீருக்கு அக்குணம் இல்லை. வண்டி முதிர முதிரத் தாங்கியின் அடிமண்டி பெருகும். இறப்பர்க் குழாய்களும் உள்ளே உதிரும்.

இந்நாட்டு மக்கள் எரிபொருளின் தரத்தைப் பார்த்து வாங்க இயலாத காலங்களையும் கண்டவர்கள். 1990 ஆம் ஆண்டின் பின்னர் வடபகுதிக்கு எரிபொருள் செல்வது தடைப்பட்டிருந்தபோது, யாழ்ப்பாணத்து மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின் கார்களும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. 2022 ஆம் ஆண்டில் நீண்ட வரிசைகளிற் காத்துநின்று பெற்ற எரிபொருளைப் பலர் கலன்களிற் சேமித்தனர். அத்தகைய கலனின் அடியிற் கிடக்கும் தூசும் நீரும் வண்டியினுட் புகுமாயின், அவற்றைத் தடுத்து நிறுத்துவது வடிகட்டி ஒன்றே.

இனி, மாற்றும் முறையைக் காண்போம். டொயோற்றா ஹையேஸ் போன்ற பழைய வான்களில், திருகிப் பூட்டும் குவளை வடிவான வடிகட்டியும், அதன் தலைப்பில் ஒரு கைப்பம்பும், அடியில் நீர் வடிக்கும் திருகும் அமைந்திருக்கும். வண்டியைச் சமதரையில் நிறுத்திக் கைத்தடையை இட்டு, இயந்திரம் ஆறும்வரை பொறுத்திருக்கவேண்டும். சுருட்டு, விளக்கு முதலிய நெருப்பு எதுவும் அணுகலாகாது. வடிகட்டியின் கீழ் ஒரு பாத்திரத்தை வைத்து, நீரை உணர்த்தும் கருவியின் மின்கம்பியைக் கழற்றி, அடித்திருகைத் தளர்த்தி உள்ளேயுள்ளதை வடித்துவிடவேண்டும். பின்னர் வடிகட்டியைத் திருகிக் கழற்றலாம். கழற்றியதன் அடியிலுள்ள நீருணர்த்தியைப் புதிய இறப்பர் வளையத்துடன் புதிய வடிகட்டிக்கு மாற்றிக்கொள்ளவேண்டும்.

இங்கே பலர் தவறுமிடம் ஒன்றுண்டு. பழைய வடிகட்டியின் இறப்பர் வளையம் சிலவேளை தலைப்பிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைக் கவனியாது புதியதைப் பூட்டினால், இரு வளையங்கள் சேர்ந்து காற்றுப் புகவும் எரிபொருள் ஒழுகவும் இடமளிக்கும். ஆதலின் தலைப்பை நன்கு துடைத்துப் பார்த்து, புதிய வளையத்துக்குத் தூய டீசலைச் சிறிது பூசி, கையாலேயே திருகவேண்டும். வளையம் தலைப்பைத் தொட்டபின் எவ்வளவு திருகவேண்டும் என்பது வடிகட்டியின் மேலேயே குறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் முக்காற் சுற்றுப் போதும். கருவி கொண்டு இறுக்குதல் வளையத்தை நசித்துவிடும்.

அடுத்தது காற்றை வெளியேற்றல். குழாயிற் காற்று நின்றால் டீசல் இயந்திரம் உயிர்பெறாது. கலனிலிருந்து டீசலை எடுத்து வடிகட்டியினுள் ஊற்றுவது சிலரது வழக்கம். அவ்வாறு ஊற்றும் டீசல் வடிக்கப்படாமலே பம்பைச் சென்றடையக்கூடும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. கைப்பம்பை அது கடினமாகும்வரை அழுத்துவதே தக்க வழி. மின்கம்பியை மறக்காது பூட்டி, இயந்திரத்தை இயக்கிச் சில நிமிடம் ஓடவிட்டு, ஒழுக்கு உண்டா எனப் பார்க்கவேண்டும். பீச்சு முனைகளுக்குச் செல்லும் உருக்குக் குழாய்களிற் கசிவு உண்டோ என்று கையால் தடவிப் பார்த்தல் ஆகாது. அங்கிருந்து பாயும் டீசல் தோலைத் துளைத்து உட்புகுந்து பெருங்கேடு விளைவிக்கும்.

பெற்றோல் வண்டியில் எச்சரிக்கை இன்னும் மிகுதியாக வேண்டும். பெற்றோல் கடுங்குளிரிலும் தீப்பற்றும் ஆவியை எழுப்பவல்லது. மின்பம்பு பொருத்திய வண்டிகளில் இயந்திரத்தை நிறுத்திய பின்னரும் குழாயில் அழுத்தம் தங்கியிருக்கும். பம்பின் உருகியைக் கழற்றி, இயந்திரம் தானே நிற்கும்வரை ஓடவிட்டு, பற்றரியின் எதிர்முனைக் கம்பியையும் நீக்கிய பின்னரே குழாயிற் கைவைக்கவேண்டும். வடிகட்டியின் மேலுள்ள அம்புக்குறி இயந்திரம் இருக்கும் பக்கத்தை நோக்கவேண்டும். வெடித்த இறப்பர்க் குழாயை மீண்டும் பூட்டுதல் கூடாது.

கழற்றிய வடிகட்டியிலிருந்து வடித்ததைக் கண்ணாடிப் போத்தல் ஒன்றில் இட்டுச் சிறிது நேரம் வைத்துப் பார்ப்பது நன்று. அடியில் நீர் பிரிந்து நின்றால் எரிபொருள் வரும் வழியையும், செந்நிறத் துரு படிந்தால் தாங்கியையும் ஆராயவேண்டும். புதிய வடிகட்டியும் சில வாரங்களில் அடைத்துக்கொண்டால், குற்றம் வடிகட்டியினதன்று. தாங்கியைக் கழுவுவதே பரிகாரம். மாற்றிய பின்னரும் சோர்வு நீங்காவிடின், குழாயிற் காற்றுப் புகுகின்றதா, தாங்கி மூடியின் காற்றுத் துவாரம் அடைத்துள்ளதா என்பவற்றையும் நோக்கவேண்டும்.

இறுதியாக ஒன்று. வடித்த கழிவெண்ணெயை வளவின் மூலையில் ஊற்றிவிடுதல் எளிது. ஆயின் யாழ்ப்பாணக் குடாநாடு போன்ற சுண்ணக்கற் பூமியில், மேலே ஊற்றியது விரைவிற் கீழிறங்கி நிலத்தடி நீரைச் சேர்கின்றது. அந்நீரே கிணற்று நீர்; பிள்ளைகள் குடிக்கும் நீர். கழிவை மூடிய கலனிற் சேர்த்து, அதனை ஏற்கும் பட்டறையில் ஒப்படைத்தலே முறை. வண்டியின் எரிபொருளைத் தூய்மை செய்யப் புகுந்தவர், ஊரின் நீரை மாசுபடுத்தினார் என்ற பழிக்கு ஆளாதல் தகாது.