விதை மட்டும் போதாது, மண்ணும் வேண்டும்: புற்றுநோய் பரவுவதில் சுற்றுப்புறத்தின் பங்கு

மார்பகத்தில் தொடங்கும் புற்றுநோய் பெரும்பாலும் எலும்பு, நுரையீரல், கல்லீரல் ஆகியவற்றுக்கே பரவுகிறது. இரத்தம் உடல் முழுவதும் ஓடுகிறது. அப்படியிருக்க, நோய் ஏன் சில உறுப்புகளில் மட்டும் அதிகமாகத் தங்குகிறது?

லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட் இந்தக் கேள்வியை ஆராய்ந்தார். மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் பதிவுகளைப் பார்த்தபோது, 241 பேருக்குக் கல்லீரலில் நோய் பரவியிருந்தது. மண்ணீரலில் பரவியதோ 17 பேருக்கு மட்டுமே. விதை எங்கும் விழலாம், பொருந்திய மண்ணில்தான் முளைக்கும் என்பது 1889இல் அவர் தந்த விளக்கம்.

உயிரணுவின் 'மண்' எது?

உயிரணுக்கள் உடலில் தனித்து இயங்குவதில்லை. அண்டை உயிரணுக்கள், அவற்றைப் பிணைக்கும் புரத நார்கள், இரத்தக் குழாய்கள் எல்லாம் சேர்ந்ததே அவற்றின் சுற்றுப்புறம். எப்போது பெருகுவது, எப்போது நிற்பது, என்னவாக வளர்வது என்ற தகவல்கள் அங்கிருந்தும் வருகின்றன.

ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுக்களில் இது தெளிவாகத் தெரிகிறது. 2006இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எலும்பு மஜ்ஜைக் குருத்தணுக்களை வெவ்வேறு கெட்டித்தன்மை கொண்ட ஜெல்களில் வளர்த்தனர். மூளையைப் போல் மென்மையான ஜெல்லில் அவை நரம்பணுவின் சாயலைப் பெற்றன. தசை அளவு கெட்டியானதில் தசையின் சாயலையும், அதைவிடக் கெட்டியானதில் எலும்பின் சாயலையும் பெற்றன.

புற்றணு மாறுமா?

1975இல் பியாட்ரிஸ் மின்ட்ஸ், கார்ல் இல்மென்சி ஆகிய ஆய்வாளர்கள், டெராட்டோகார்சினோமா என்ற புற்றுக்கட்டியின் உயிரணுக்களை எலியின் தொடக்கநிலைக் கருவுக்குள் செலுத்தினர். நலமான குட்டிகள் பிறந்தன. அவற்றின் இயல்பான திசுக்களில் அந்தப் புற்றணுக்களின் வழிவந்தவையும் கலந்திருந்தன. கட்டியாகப் பெருகியவை, கருவின் சூழலில் ஒழுங்காக வளர்ந்தன.

இதைக் காட்டி, "உடம்பைச் சுத்தம் செய்தால் புற்றுநோய் தானே போய்விடும்" என்று யாராவது பானமோ மாத்திரையோ விற்றால் நம்ப வேண்டாம். அந்தச் சோதனை ஒரு வகைக் கட்டியை வைத்து, கருவில் நடந்தது. வளர்ந்த உடலில் அந்தச் சூழல் கிடையாது. பல புற்றுக்கட்டிகள் தங்களைச் சுற்றி நார்களைக் கூட்டி, சுற்றுப்புறத்தையே தமக்கேற்ப இறுக்கிக்கொள்கின்றன. அந்த இறுக்கம் நோய் மேலும் ஊடுருவ உதவுகிறது.

மார்பகப் புற்றுக்கட்டி கைக்குக் கெட்டியாகத் தட்டுப்பட இதுவும் ஒரு காரணம். மார்பகத்தில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால் எது எது என்று தொட்டுப் பார்த்து நாமே முடிவு செய்ய முடியாது. வலி இல்லையே என்று தள்ளிப்போடாமல், புதிதாகக் கட்டி தென்பட்டவுடன் அருகிலுள்ள கிளினிக்கில் காட்டிவிட வேண்டும். வேறு உறுப்பில் வேரூன்றுவதற்கு முன் கண்டறிந்தால், குணமாகும் வாய்ப்பு அதிகம்.