சூப்பர் மச்சான்ஸ் முதல் மஞ்ஞப்படை வரை... கால்பந்து ரசிகர் குழுக்கள் மோதுவது ஏன்?

மேச்சேரியில் இருந்து கிளம்பினால் சென்னையைவிட பெங்களூரு மைதானம்தான் பக்கம். அப்போ ஐஎஸ்எல் வந்தால் யாருக்கு விசில் அடிப்பது?

யார் இவர்கள்?

சென்னையின் எஃப்சி-க்கு சூப்பர் மச்சான்ஸ், பி ஸ்டாண்ட் ப்ளூஸ். பெங்களூருவுக்கு வெஸ்ட் பிளாக் ப்ளூஸ். கேரளாவுக்கு மஞ்ஞப்படை. கேலரியில் ஒன்றாக நின்று, டிரம் அடித்து, ஆட்டம் முடியும்வரை பாடுவார்கள். அணி தோற்றாலும் அடுத்த மேட்சுக்கு வந்துவிடுவார்கள்.

போட்டி எப்படி?

2018 மார்ச் 17, பெங்களூருவில் இறுதிப்போட்டி. 9-வது நிமிடத்திலேயே சுனில் சேத்ரி கோல் போட்டார். ஆனா, உள்ளூர் ரசிகர்கள் கண்முன்னே 3-2 என்று கோப்பையைத் தூக்கியது சென்னையின் எஃப்சி. இப்படிப்பட்ட நாட்கள்தான் பல வருஷம் பேசப்படும்.

எல்லை மீறினால்?

1980 ஆகஸ்ட் 16, கொல்கத்தா ஈடன் கார்டன். மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தில் ரசிகர்கள் மோதிக்கொண்டார்கள். 16 பேர் உயிரிழந்தனர்.

ஒன்று சேர்வார்களா?

சேர்ந்தார்கள். 2024 ஆகஸ்ட் 18, அதே இரு அணிகளின் டூரண்ட் கோப்பை ஆட்டம் ரத்தானது. கொல்கத்தா பெண் மருத்துவர் கொலைக்கு நீதி கேட்டு, இரு தரப்பு ரசிகர்களும் சால்ட் லேக் மைதானத்துக்கு வெளியே ஒன்றாகத் திரண்டனர்.

எதிரணி இருந்தால்தான் பாட்டுக்கே சூடு. அந்த எதிரணி ரசிகரும் பத்திரமா வீடு போய்ச் சேரணும்.