பூனாகலை மலைக்குக் காடு வேண்டும்

ஊவாவின் பூனாகலை ஓயாதான் 220 மீற்றர் உயரத்திலிருந்து தியலும நீர்வீழ்ச்சியாக விழுகிறது. அந்தத் தண்ணீர் கிரிந்தி ஓயாவோடு கலந்து லுணுகம்வெஹெர குளம் வரை போகிறது. அதனால் பூனாகலை மலையில் எந்த மரம் நிற்கிறது என்பது தேயிலைத் தோட்டத்தோடு முடிகிற விஷயமல்ல.

1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தோடு காடு அரசின் சொத்தாகி, கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் போனது. மிச்சமிருந்தவை ஓடைக்கரைக் காடும் மானாப்புல் மேடும்தான். 1970களில் மலைநாட்டின் புல்மேடுகளிலும் கைவிட்ட தேயிலைச் சரிவுகளிலும் வனத்திணைக்களம் பைனஸ் (பைன்) மரத்தைப் பெரிய அளவில் நட்டது. வேகமாக வளரும், மொட்டை மலையை மூடும், பலகையும் பிசினும் தரும் என்று எதிர்பார்த்தார்கள். மூடத்தான் செய்தது. ஆனால் ஊசியிலை லேசில் மக்காது, அடியில் மெத்தையாகக் குவியும். பிசின் எடுக்கப் பட்டையைச் சீவிய தழும்பில் ஒட்டியிருக்கும் பிசின் சின்னப் பொறிக்கே பற்றிக்கொள்ளும்.

ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவில் கச்சான் காற்று வீசும். தென்மேல் பருவமழை மேற்குச் சரிவில் கொட்டிவிட, இந்தப் பக்கம் வறண்ட காற்றுதான் வரும். ஊவாத் தேயிலைக்கு மணம் தருவதும், மலையில் தீயைப் பரப்புவதும் அதே காற்று. தீ எங்கும் ஒரே மாதிரியல்ல. கனடாவின் வடகாட்டில் சில பைன் வகைகளின் காய் பெரும்பாலும் தீயின் சூட்டில்தான் வெடித்து விதை சிந்தும்; அங்கே தீ காட்டின் வாழ்க்கையில் ஒரு பகுதி. நம் மலையில் எரிந்த இடத்தில் பெரும்பாலும் மானாதான் முந்திக்கொண்டு முளைக்கிறது. அடுத்த மழையில் மண் கழுவப்படுகிறது.

மண்சரிவுக்கு மழை, மண்ணின் தடிப்பு, அடைபட்ட வடிகான் எனப் பல காரணங்கள் உண்டு. மரம் நட்டுவிட்டால் போதும் என்பது சரியல்ல. ஆனாலும் 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையிலும், 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையிலும் மண்சரிவைக் கண்ட பிறகு, தொழிலாளர் வாழும் லயன்களுக்கு மேலேயுள்ள சரிவை எப்படி நிர்வகிக்கிறோம் என்று கேட்காமல் இருக்க முடியாது.

மலை விறகும் தருகிறது. தேயிலைத் தொழிற்சாலை அடுப்புக்கு டர்பன்டைன் எனப்படும் யூக்கலிப்டஸ் விறகு. லயன் அடுப்புக்குத் தேயிலைச் செடியில் கவ்வாத்து வெட்டிய மிலாறு. காணி அரசுடையது, 1992 முதல் நிர்வாகம் கம்பனிகளுடையது. விறகு சுமக்கிறவர்களுக்கும் தீயை அணைக்க ஓடுகிறவர்களுக்கும் மரம் பற்றிய முடிவில் இடமில்லை. இது அநியாயம்.

வழி இல்லாமல் இல்லை. சிங்கராஜ வனத்தின் ஓரத்தில் பைனஸ் வரிசைகளை இடையிடையே வெட்டி, அந்த நிழலில் உள்நாட்டு மரங்களை வளர்த்துக் காட்டினார்கள் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். அது ஈரவலயம், ஊவாவின் வறட்சிக்கு வேறு மரங்களைத் தேர வேண்டும். இந்த மாற்றத்தை ஓடைத் தலைகளிலும் லயன்களுக்கு மேலேயும் தொடங்கலாம். நாற்று வளர்க்கவும், கச்சானுக்கு முன் தீத்தடுப்புப் பாதை வெட்டவும் தோட்ட மக்களையே சம்பளத்துக்கு அமர்த்த வேண்டும். எதை நடுவது, எதை வெட்டுவது என்று தீர்மானிக்கும் கூட்டத்தில் அவர்களும் உட்கார வேண்டும்.