ஆகாயத்தில் நமக்கென ஓர் இல்லம்

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் அந்தி வேளையில் நிற்போர், சில தினங்களில், மின்னாத ஒரு தாரகை வானத்தை விரைவிற் கடந்து மறைவதைக் காணலாம். அது தாரகையன்று, மனிதர் குடியிருக்கும் சர்வதேச விண்வெளி நிலையம். சுமார் 250 மைல் உயரத்தில், மணிக்கு 17,500 மைல் வேகத்தில், தினம் ஏறக்குறைய பதினாறு தடவை அது பூமியை வலம் வருகிறது. 2000-ம் வருஷம் நவம்பர் 2-ந் தேதி முதல் அங்கே மனித வாசம் ஒரு நாளும் அற்றுப்போனதில்லை. சீனமும் தனக்கென ஒரு நிலையத்தை 2022-ல் கட்டி முடித்துவிட்டது. கடலூருக்குத் தெற்கே தில்லையில் இறைவனை ஆகாச ரூபமாகவே வழிபட்டு வருவோர் நாம். அவ்வாகாசத்தில் நமக்கோ ஓரடி இடமும் சொந்தமில்லை.

நம்மவர் அங்கே போகாமலில்லை. 1984-ல் ராகேஷ் சர்மா ருஷ்யக் கலமேறி, ஸல்யூட்-7 நிலையத்தில் ஒரு வாரம் தங்கினார். நாற்பத்தோராண்டு கழித்து, 2025 ஜூனில், சுபான்ஷு சுக்லா அமெரிக்கக் கலமேறிச் சர்வதேச நிலையத்தில் பதினெட்டு நாள் வசித்தார். வெந்தயமும் பாசிப்பயறும் அங்கே முளைக்கும் விதத்தைச் சோதித்தார். இவர்களுடைய தீரத்தைப் போற்றுகிறோம். ஆயினும் இருவரும் ஏறியது அன்னியர் மரக்கலமே.

வாடகைக் கப்பலின் கதி என்ன என்பதைத் தமிழர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுமா? சிதம்பரம் பிள்ளையவர்கள் 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது வாடகைக் கப்பலையே நம்பினார். கொடுத்தவர் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதன் பின்னரே ‘காலியா’, ‘லாவோ’ என்னும் சொந்தக் கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்தன. கடலுக்கு மெய்யான நீதி ஆகாயத்திற்கும் மெய்யே.

நெடுங்காலம் விண்ணில் வசிப்பது எளிதன்று. உடல் எடையற்று மிதப்பதால் எலும்பும் தசையும் தேய்கின்றன. தினம் இரண்டு மணி நேரம் தேகாப்பியாசம் செய்தல் அவசியம். வியர்வையையும் சிறுநீரையும் வடித்துக் குடிநீராக்க வேண்டும். 2024 ஜூனில் எட்டு நாளைக்கென்று சென்ற சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும், சென்ற கலத்தில் கோளாறு கண்டதால், 286 நாள் தங்கி, மறு வருஷம் மார்ச்சில் வேறொரு கலத்தில் மீண்டனர். மாற்றுக் கலம் கைவசம் உள்ள தேசத்தார் மீண்டார்கள். அஃதில்லாதார் பிறர் தயவையன்றோ எதிர்பார்த்திருக்க வேண்டும்?

“ஏழை நாட்டுக்கு இச்செலவு ஏன்?” என்று சிலர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. 2004-ல் ஆழிப்பேரலையும் 2011-ல் தானே புயலும் கடலூர் மீனவரையும் முந்திரித் தோப்புக்காரரையும் என்ன பாடு படுத்தின என்பதை நாம் மறக்கவில்லை. 1963-ல் தும்பாவிலிருந்து முதன்முதல் சென்ற ராக்கெட்டும் அமெரிக்கருடையதே. அன்றும் இக்கேள்வி எழுந்தது. அன்றைய முயற்சியின் பலனாக, வங்கக் கடலில் எழும் புயலை இன்று நமது கோள்களே கண்டு சொல்கின்றன. மீனவர் முன்கூட்டியே கரை சேருகின்றனர்.

2025 ஜனவரியில் நமது விஞ்ஞானிகள் இரு கலங்களை விண்ணில் இணைத்துக் காட்டினர். இவ்வித்தை கைவரப்பெற்ற நான்காவது தேசம் நம்முடையது. பாரத விண்வெளி நிலையத்தை 2035-க்குள் அமைப்பதாகச் சர்க்கார் சொல்லியிருக்கின்றனர். ஆனால் நமது கலத்தில் நம்மவரை அனுப்ப முதலிற் குறித்த 2022-ம் வருஷம் வெறுமனே கழிந்ததை ஜனங்கள் அறிவர். ஆகவே நாம் கோருவன இரண்டு. குறித்த கெடுவும் ஆன செலவும் வருஷந்தோறும் ஜனங்கள் முன் வைக்கப்பட வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போன்ற நமது கலாசாலைகளில் இவ்வேலைக்கு வேண்டிய ஆராய்ச்சி நடைபெற வேண்டும். அது தமிழிலும் விளக்கப்பட வேண்டும்.

அன்னியர் நிலையத்தை அண்ணாந்து பார்த்துக் கைதட்டுவதோடு கடலூர் இளைஞன் திருப்தியடையலாகாது. அவன் கையால் இழைத்த கலம் அவ்வழியே செல்லும் நாளே நமக்குத் திருநாள்.